யார் மனசும் கோணாத மெத்தை

சாஞ்சுக்கங்க, பரவால்லீங்க. நல்லாவே சாஞ்சுக்கங்க. அதுக்கும் டிக்கெட் எடுத்திருக்குதுங்க. ஆமாங்க, இந்தச் சுருட்டிக் கயித்துல கட்டுன மெத்தைக்குத்தான். கண்டக்டர் தம்பி மொதல்ல மேல போடச் சொன்னாப்ல. மேல போட்டா வெயில்ல கெடந்து காயும், பாக்கறவங்க அய்யோ பாவம்னு நெனப்பாங்க. அப்பறம் கீழ போடச் சொன்னாப்ல. கீழ போட்டா ஆளுக மிதிச்சுட்டுப் போகோணும், மிதிக்கறவங்களுக்கு சங்கடமா இருக்கும். சீட்டுல உக்கார வெக்கறதுன்னா டிக்கெட் எடுங்கன்னாப்ல. எடுத்துட்டனுங்க. எனக்குப் பொன்னாங்காட்டுப்புதூரு. மெத்தைக்கு மட்டும் அவசரத்துல பழனி வரைக்கும் கிழிச்சுக் குடுத்துட்டாப்ல. திருப்பிக் கேட்டா அந்தத் தம்பி மனசு கோணுமேன்னு விட்டுட்டேன்.

நீங்க பழனிக்குங்களா? நல்லதுங்க. மொட்டையா, இல்ல சும்மா சாமி கும்புடவா? சரி சரி, நான் கேக்கலீங்க.

எம் பேரு சென்னியப்பனுங்க. காங்கேயத்துல மெத்தைக் கம்பெனி வெச்சிருக்கறேன். இருவத்திரண்டு வருசமாச்சு. இத்தனை வருசத்துல நான் கத்துக்கிட்டது ஒண்ணே ஒண்ணுதானுங்க. யாரு மனசும் கோணக்கூடாது. மனுசன் பகல் பூராம் வெளிய ஏச்சும் பேச்சும் வாங்கிட்டு வந்து படுக்கற எடமுங்க மெத்தை. அங்கயும் போயி ஒருத்தன் மனசு நோகலாமா?

இது எங்க தங்கச்சி மகளுக்குக் கொண்டு போறது. இந்துஜான்னு பேரு. கல்யாணச் சீருங்க, தாய்மாமன் சீரு. கல்யாணம் எப்பவா? ஆயிருச்சுங்களே. போன வருசம் வைகாசியில. இப்பக் கொழந்தைக்கு ரண்டு மாசம் ஆகுது, பொன்னாங்காட்டுப்புதூர்ல அவ அம்மா ஊட்டுலதான் இருக்கறா.

சிரிக்காதீங்க. நான் ஒண்ணும் லேட்டுப் பண்ணலீங்க. மெஷினு எடுக்கறதுல கொஞ்சம் கவனமா இருந்துட்டேன், அவ்வளவுதான். கேளுங்க, நேரம் இருக்குதில்ல, ஊதியூரே இன்னும் வரல.

மெத்தை மேல நீங்க பாத்திருப்பீங்க. துணி புசுபுசுன்னு இருக்கும், அது மேல பூப்பூவா, அலையலையாத் தையல் ஓடியிருக்கும். அதைக் க்வில்ட்டிங்னு சொல்லுவாங்க. மேல துணி, நடுவுல பஞ்சு, அடியில ஒரு வலைத்துணி, மூணையும் கோத்துப் புடிக்கறது அந்தத் தையலுதானுங்க. அது இல்லீன்னா பஞ்சு அதும்பாட்டுக்கு அது போயிரும். எங்க கம்பெனியில ராக்கியம்மான்னு ஒருத்தியும், கூட மூணு பொம்பளைகளும் சாதாத் தையல் மெஷின்லயே அதை ஓட்டுவாங்க. ஒரு மெத்தைக்கு அரை நாளு ஆகும்.

போன வருசம் தை மாசம் இந்துஜாவுக்கு நிச்சயம் பண்ணுனாங்க. அன்னிக்குப் பந்தியில எந்திரிச்சு நின்னு, அத்தனை ஒறம்பரைச் சனத்துக்கும் முன்னால சொன்னனுங்க. புதுசா க்வில்ட்டிங் மெஷின் எடுக்கறேன், அதுல வர்ற மொத மெத்தை என்ற மருமகளுக்குத்தான்னு. இந்துஜா கையத் தட்டுனா. எங்க தங்கச்சி துளசிமணி முந்தானையில கண்ணத் தொடச்சுட்டா.

அதே வாரத்துல ஒரு காரியம் நடந்துச்சுங்க. சூரியன் சின்னத்துக்காரரு ஒருத்தரு, எங்க வார்டுலயே கொஞ்சம் பெரிய ஆளு, மெத்தை வாங்க வந்தாரு. ராக்கியம்மா அந்த மெத்தையில கொடி ஓட விட்டு, கொடிக்கு ரண்டு பக்கமும் எலை வெச்சுத் தெச்சிருந்தா. ரண்டு ரண்டா எலை. அவரு மெத்தையப் பாத்தாரு. என்னையப் பாத்தாரு. மூஞ்சிய ஒரு மாதிரி வெச்சுட்டு எடுத்துட்டுப் போயிட்டாரு. அன்னிக்கு அவருக்குக் கடவாப்பல்லு வலின்னு பின்னால சொன்னாங்க. சொல்லுவாங்க, சொல்லுவாங்க. பல்லு வலிக்கறவரு பல்லு டாக்டருகிட்டப் போவாரா, மெத்தை வாங்க வருவாருங்களா?

அன்னையிலிருந்து எனக்கு ஒரே ரோசனை. கையில தைக்கறப்பவே இப்படின்னா, மெஷின் வெச்சுத் தெச்சா ஒரு நாளைக்கு எத்தனை பேரு மனசு கோணும்?

கோயமுத்தூர்ல ஒரு டீலருகிட்டப் போனனுங்க. ஹரிபாஸ்கர்னு ஒரு தம்பி மெஷின் காட்டுனாப்ல. நல்ல தம்பிங்க. அப்ப நல்லாத்தான் இருந்தாப்ல. மொத மெஷினு கட்டிலை விட அகலம். தொண்ணூறு ஊசி வரிசையா நிக்குது. அத்தனையும் ஒரே சமயத்துல எறங்குது, ஏறுது. ரண்டு நிமிசத்துல ஒரு மெத்தைத் துணி வெளிய வருது.

"சார், இது செயின் ஸ்டிச். வேகமா ஓடும், ஆனா ஒரு எடத்துல நூல் அறுந்தா சரசரன்னு உருவிட்டு வந்துரும். அந்தப் பக்கம் இருக்கறது லாக் ஸ்டிச். அடியிலயும் நூல் பின்னும், மெதுவா ஓடும், ஆனா உருவாது. உங்களுக்கு எது தோதுப்படும் சார்?"

"தம்பி, அதெல்லாம் அப்பறம். இதுல யாரு மனசும் கோணாத டிசைன் எத்தனை இருக்குது?"

அந்தத் தம்பி மெஷின நிறுத்துனாப்ல. அப்பறம் ஒரு புஸ்தகத்த எடுத்துக் கையில குடுத்து, "ஊட்டுக்குக் கொண்டு போயிப் பாருங்க சார்"னாப்ல. நூத்தி நாப்பது டிசைன் இருந்துச்சுங்க அதுல.

நானும் எங்கூட்டுக்காரி சிந்தாமணியும் உக்காந்து பாத்தோம். எலை போட்டது முப்பது இருந்துச்சு, அதைத் தனியா ஒதுக்கியாச்சு. கதிரு வீசற மாதிரி இருந்ததையும் ஒதுக்கியாச்சு. தாமரை வந்துச்சு. அது மேல சாமி உக்காருது, நாம படுக்கலாமுங்களா? அதும்போக அதுவும் ஒரு சின்னம். அப்பறம் மாங்கா. அதுவும் ஒரு கட்சிக்கு இருக்குதேன்னேன். "ஏனுங்க, மாங்கா எல்லாப் பொடவையிலயுந்தான் இருக்குது, இதா நான் கட்டியிருக்கறதுலயே இருக்குது"ன்னா சிந்தாமணி. பாத்தா, நெசமாலுமே இருக்குது! இத்தனை வருசமா ஒரு சின்னத்தக் கட்டிட்டு என்ற பக்கத்துலயே உக்காந்திருக்கறா. எந்திரிச்சுப் போயி வேற பொடவை மாத்திட்டு வான்னேன். உள்ள போனவ திரும்பி வரலீங்க. மிச்ச டிசைனெல்லாம் நான் ஒருத்தனேதான் பாத்தேன்.

சரி, பூவு, எலை எதுவும் வேண்டாம், வெறும் கட்டமாப் போட்டா என்ன வந்துரப் போகுதுன்னு ஒரு வரிசைய எண்ணுனனுங்க. பன்னண்டு. பன்னண்டு கட்டம்! அப்பட்டமான ஜாதகக் கட்டம். புதுசாக் கல்யாணம் ஆனவங்க யாரு எந்தக் கட்டத்துல படுப்பாங்கன்னு நம்ம கையிலயா இருக்குது? எட்டாமிடத்துல தலைய வெச்சுட்டாங்கன்னா யாருங்க பொறுப்பு? வட்டம் போட்டா பூஜ்ஜியத்து மேல குடித்தனம் ஆரம்பிக்கற மாதிரி. குறுக்கும் நெடுக்குமாக் கோடு போனா எடமெல்லாம் சிலுவை. அதைக் கொஞ்சம் வளைச்சா பிறை. எல்லாத்தையும் விட்டுட்டு நேர்க்கோடு மட்டும் போட்டா, கால்மாட்டுல நின்னு பாக்கறவனுக்கு நாமம், பக்கத்துல நின்னு பாக்கறவனுக்குப் பட்டை. ஒரே மெத்தையில ரண்டு பேருக்கும் சங்கடம்!

நீங்களே சொல்லுங்க, நான் எதுனாச்சும் தப்பாப் பாக்கறனா? இதெல்லாம் இருக்குதுங்களே, கண்ணு முன்னால.

அப்பறம் ஒரு ரோசனை பண்ணுனனுங்க. நாமளே முடிவு பண்ணாம, சம்பந்தப்பட்டவங்களையே கேட்டுட்டா? ஹரிபாஸ்கர் தம்பிகிட்டச் சொல்லி, ஏழெட்டு டிசைன்ல மாதிரி தெச்சு வாங்கி, மெத்தையில மாட்டி, எங்க குடோன்ல வரிசையாப் போட்டேன். டீக்கடையிலிருந்து எலைக்காரரு ஒருத்தரு, சூரியன்காரரு ஒருத்தரு, பூவுக்காரரு ஒருத்தரு, கோயில் பூசாரி ஒருத்தருன்னு நாலு தரப்பையும் கூப்பிட்டு, ஒளிவு மறைவில்லாமச் சொல்லுங்கன்னேன். அவுங்க என்ன சொன்னாங்கங்கறீங்க? "நல்லா இருக்குதுங்க சென்னியப்பா, டீ சொல்லுங்க"ன்னாங்க. எலைக்காரரு சூரியன் டிசைனக் காட்டி, இது எங்கூட்டுத் தெரைச்சீலைக்கு எடுப்பா இருக்கும்னாரு. அதோட விட்டாரா, அந்த மெத்தையிலயே காலை நீட்டிப் படுத்துப் பாத்தாரு. படுத்தவரு சாயங்காலம் நாலு மணி வரைக்கும் கொறட்டை விட்டுத் தூங்குனாரு.

அவருக்குப் புடிச்சுப் போச்சுங்கறீங்களா? நீங்க வேறங்க. கோவத்துல தூங்கறவங்கள நீங்க பாத்ததில்ல போலிருக்குது.

இதையெல்லாம் பாத்துட்டிருந்த ராக்கியம்மா கிட்ட வந்து, "ஏஞ்சாமி, மேல ஒரு பெட்சீட்ட விரிச்சா எந்தக் கருமாந்தரம் வெளிய தெரியப் போகுது?"ன்னு கேட்டா. பத்தொம்பது வருசமா எங்கிட்ட வேலை செய்யறவளுங்க. வெவரமில்லாதவ. மூடி வெச்சா இல்லைன்னு ஆயிருமா? அதையேதான் அவகிட்டயும் சொன்னேன். "உனக்கு வெவரம் பத்தாது, உன்னாலதான் அந்தப் பல்லுவலிக்காரரு பிரச்சனையே வந்துச்சு"ன்னேன். பொய் சொல்லலீங்க நான், அவதானே அந்த எலையத் தெச்சவ. அவ கத்திரிக்கோல ஒறையில போட்டு வெச்சுட்டுப் போனா. அடுத்த நாள் வரல. அதுக்கு அடுத்த நாளும் வரல. இப்ப வேற கம்பெனியில இருக்கறாளாமா. எதுக்குப் போனான்னு இன்னைக்கு வரைக்கும் எனக்கு வெளங்கலீங்க.

சித்தெ அந்தப் பக்கம் நவுந்துக்கறீங்களா? பஞ்சு உங்க பக்கமே வந்து சேருது பாருங்க. இல்ல இல்ல, உங்க மேல தப்பில்லீங்க. அதைச் சொல்றேன் இருங்க.

சித்திரையில ஒரு நாளு இந்துஜா ஸ்கூட்டியில கம்பெனிக்கு வந்தா. பத்திரிக்கை அடிச்சு வந்திருந்துச்சு, அதுல தாய்மாமன்னு என்ற பேரக் கொட்டை எழுத்துல போட்டிருந்தாங்க, அதைக் காட்ட வந்தா. சின்னதுல பள்ளிக்கொடம் லீவு விட்டா அவ எங்க கம்பெனியிலதானுங்க கெடப்பா. பஞ்சு மூட்டை மேலயே தூங்கிருவா. அஞ்சு வயசு இருக்கறப்ப ஒரு நாளு, மெத்தைத் துணி மேல கைய வெச்சு, சாக்பீஸ்ல சுத்தி வரைஞ்சு, "மாமா, இதைத் தெச்சுக் குடுங்க"ன்னா. ராக்கியம்மா அந்தக் கோட்டு மேலயே தெச்சுக் குடுத்தா. சின்னூண்டு கை. அந்தத் துணி இன்னும் எங்க பீரோவுல இருக்குதுங்க.

அன்னிக்கு டிசைன் புஸ்தகத்தப் பொரட்டிப் பாத்துட்டு இந்துஜா சொல்றா, "மாமா, இதெல்லாம் எதுக்கு? அந்தக் கையவே போட்டுருங்க. பெருசா வேண்டாம், ஒரு மூலையில ஒரு கை போதும். உங்க நெனப்பா இருக்கும்."

நான் பதறிப் போயிட்டனுங்க.

"கண்ணு, கை ஒரு சின்னமாச்சே!"

மொதல்ல சிரிச்சா. அப்பறம் என்ற மொகத்தப் பாத்துட்டுச் சிரிப்ப நிறுத்திட்டா.

"மாமா, அது என்ற கை."

"உன்ற கைதான் கண்ணு. பாக்கறவங்களுக்கு அது தெரியுமா?"

"எங்க ரூமுக்குள்ள எங்க மெத்தைய வந்து யாரு மாமா பாக்கப் போறாங்க?"

நான் டீ குடிக்கறியான்னு கேட்டேன். வேண்டாம்னுட்டுப் போயிட்டா.

ஊதியூரு தாண்டிட்டமுங்களா? சரி, இருக்குது இன்னும்.

ரண்டாவது மெஷினுக்கு ஒரே ஒரு ஊசிதானுங்க. கம்ப்யூட்டர் வெச்சது. துணிய சட்டத்துல இழுத்துக் கட்டிட்டா, நாம எதை வரைஞ்சு குடுத்தாலும் அந்த ஊசி ஓடி ஓடித் தெச்சுருமாமா. ஹரிபாஸ்கர் தம்பிக்கு ஒரே சந்தோசம். "சார், இதுல டிசைன் பிரச்சனையே இல்ல, எது வேணும்னாலும் போடலாம்"னாப்ல. எனக்கு இல்லீங்க. நூத்தி நாப்பதையே ஒரு மாசம் பாத்தேன். எது வேணும்னாலும் போடலாம்னா, எது வேணும்னாலும் தப்பாப் போகலாம்னுதானே அர்த்தம்? அதை அந்தத் தம்பிக்கு எடுத்துச் சொன்னேன். அதுக்கப்பறந்தான் அந்தத் தம்பி முன்ன மாதிரி இல்ல.

கல்யாணத்தன்னிக்குக் காலையில நான் கோயமுத்தூர்ல டீலரு கடையிலதானுங்க இருந்தேன். கடை தொறக்கறதுக்கு முன்னாடியே பட்டுவேட்டியக் கட்டிட்டுப் போயி வாசல்ல நின்னேன். மெத்தைதான் இல்லீன்னு ஆயிப்போச்சு, எப்படியாச்சும் ஒரு டிசைன முடிவு பண்ணி, தெச்ச துணிய மட்டுமாச்சும் கையில எடுத்துட்டு மண்டபத்துக்குப் போயிரலாம்னு நெனப்பு. சிந்தாமணிய மொதல்லயே மண்டபத்துக்கு அனுப்பிட்டேன்.

அந்தத் தம்பி கம்ப்யூட்டர்ல சும்மா கண்டபடி கிறுக்குன மாதிரி ஒண்ணப் போட்டுக் காட்டுனாப்ல. எலையும் இல்ல, பூவும் இல்ல, வளைஞ்சு வளைஞ்சு ஒரே கோடு. "சார், இது யாரையும் ஒண்ணும் பண்ணாது சார், கும்புடறேன்"னாப்ல. எனக்கும் மொதல்ல திருப்தியாத்தான் இருந்துச்சு. திருப்பிப் போடச் சொல்லிப் பாத்தேன். காவேரிங்க. அப்படியே காவேரி. குடகுல தொடங்கி, நம்ம பக்கம் வந்து, கடல்ல போயிச் சேருது. மாப்பிள்ளை பெங்களூர்ல வேலையில இருக்கறாரு. பெங்களூர்ல ஒரு ஊட்டுல, மெத்தை மேல காவேரி! தேவையா நமக்கு?

"சார், பட்டுவேட்டியெல்லாம் கட்டியிருக்கீங்க, இன்னிக்குக் கல்யாணம் ஏதாச்சுமா?"ன்னு அந்தத் தம்பி கேட்டாப்ல.

"ஆமா தம்பி, பத்தரைக்கு முகூர்த்தம். என்ற மருமகளுக்கு."

"எங்க சார்?"

"தாராபுரம்."

அந்தத் தம்பி கடியாரத்தப் பாத்தாப்ல. என்ற கையப் புடிச்சுட்டாப்ல. "சார், போங்க சார். இந்த மெஷின் எங்கயும் போகாது. தயவுசெஞ்சு கெளம்புங்க சார்"னாப்ல. கண்ணெல்லாம் கலங்கிருச்சு அந்தத் தம்பிக்கு. யாவாரம் போயிருமோன்னு பயம் போலிருக்குது.

நீங்களே சொல்லுங்க. அத்தனை பேரு முன்னால வாக்குக் குடுத்துட்டு வெறுங்கையோட எப்படிங்க போறது? பாக்கறவங்களுக்கு சங்கடம், தங்கச்சிக்குச் சங்கடம், சம்பந்தி ஊட்டுக்காரங்களுக்குச் சங்கடம். ஒருத்தருக்கும் சங்கடம் வேண்டாம்னுதானுங்க நான் போகல.

எங்க பக்கத்துல தாய்மாமன்தானுங்க பொண்ணுக்கு நெத்தியில பட்டங்கட்டி, கையப் புடிச்சு மணவறைக்குக் கூட்டிட்டு வரோணும். சிந்தாமணி வந்து சொன்னா. இந்துஜா ரூமை விட்டு வெளிய வந்து, மண்டபத்து வாசலையே பாத்துட்டு நின்னாளாமா. பத்து நிமிசம். முகூர்த்தம் போகுதுன்னு அய்யரு சத்தம் போட்டிருக்கறாரு. கடைசியில எனக்குப் பதிலா என்ற பங்காளி மொறையில ஒருத்தர நிறுத்தி, பட்டங்கட்டி, நடத்தி முடிச்சுட்டாங்களாமா. அதைக் கேட்டப்ப மனசு பொக்குனு போச்சுங்க. ஒரு வாய் சோறு எறங்கல அன்னிக்கு. சே, அந்தக் காவேரியையாச்சும் எடுத்துட்டுப் போயிருக்கலாம்னு பட்டுச்சு.

ஆவணியில ஒரு வழியா மெஷின முடிவு பண்ணிட்டனுங்க. எதுங்கறீங்க? மொத மொத பாத்த தொண்ணூறு ஊசி மெஷினேதான். ஏன்னு கேளுங்க. அதுலதான் ஊசிகளத் தனித்தனியாக் கழட்டற வசதி இருக்குது. டிசைனுக்கு வேண்டாத எடத்துல ஊசியக் கழட்டிட்டா, அங்க தையல் விழாது. ஹரிபாஸ்கர் தம்பி ஏதோ பேச்சுவாக்குல சொன்னதுங்க அது. எனக்குப் பளிச்சுனு பட்டுச்சு. தொண்ணூறையும் கழட்டிட்டா?

"அப்ப மெஷின் எதுக்கு சார்?"னாப்ல தம்பி.

"தம்பி, மெஷின் இல்லாமத் தைக்காம இருந்தா சோம்பேறிம்பாங்க. மெஷின வெச்சுட்டுத் தைக்காம இருந்தாத்தான் அதுக்கு ஒரு மரியாதி."

மெஷின் வந்து எறங்குன அன்னிக்கு மஞ்ச குங்குமம் வெச்சு, எலுமிச்சங்கா வெச்சு, தொண்ணூறு ஊசியையும் நானே என்ற கையால கழட்டி டப்பாவுல போட்டேன். சுச்சு போட்டா, என்னா சத்தம், என்னா வேகம்! உள்ள போன துணி போன மாதிரியே வெளிய வந்துச்சுங்க. ஒரு எலை இல்ல, ஒரு பூவு இல்ல, ஒரு கோடு இல்ல. வேலைக்காரங்க அத்தனை பேரும் வாயத் தொறந்து பாத்துட்டு நின்னாங்க. இந்த ஜில்லாவுலயே யாருகிட்டயும் இல்லாத துணிங்க அது.

அப்பறம் கலரு. அதுக்கு ஒரு எட்டு மாசம் ஆயிப்போச்சு. செவப்பு ஒரு கட்சி, பச்சை ஒரு கட்சி, காவி, நீலம், கறுப்பு, மஞ்சள், ஒண்ணையாச்சும் மிச்சம் வெச்சாங்களா பாருங்க. வெள்ளை போடலாம்னா நல்ல காரியத்துக்கு வெறும் வெள்ளையா? கடைசியில இந்த சிமெண்ட் கலரு. சிமெண்டு மேல யாருக்கும் ஒரு கோவமும் இல்லீங்களே?

தொட்டுப் பாருங்க. வழுவழுன்னு இருக்குதில்ல. கட்டியா இருக்கறது அது பஞ்சுங்க. தையல் இல்லாததால கொஞ்சம் நடமாடும். காங்கேயத்துல ஏத்துறப்பச் சமமாத்தான் இருந்துச்சு. இப்ப எனக்கு இந்தப் பக்கம் வெறுந்துணியா இருக்குது, பூராப் பஞ்சும் உங்க பக்கம் வந்துருச்சு.

இந்த மாதிரி மெத்தைய யாரும் இன்னும் வாங்கலீங்க. மெஷின் ஓடிட்டுத்தான் இருக்குது.

கொழந்தை பொறந்தன்னிக்கு நான் போன் பண்ணுனேன். துளசிமணிதான் எடுத்தா. கல்யாணத்துக்கப்பறம் அவ எங்கிட்டப் பேசுனது அந்த ஒரு தடவைதானுங்க. "அண்ணா, தொண்ணூறு ஊசி வெச்ச மெஷின் வாங்குனயாமா. ஒரு தையல் போட முடியலையா உனக்கு?"ன்னா. வெச்சுட்டா. அவளுக்குத் தொழில் வெவரம் தெரியாதுங்க. அதுக்கு நாம ஒண்ணும் பண்ண முடியாது. ஆனா அந்த வார்த்தை மட்டும் எப்பப் பாத்தாலும் காதுலயே நிக்குது. சாப்பிடறப்ப நிக்குது, வண்டி ஓட்டறப்ப நிக்குது. ஏன்னு தெரியல.

நேத்து நான் இந்துஜாவக் கூப்பிட்டு, மெத்தை ரெடி கண்ணு, நாளைக்குக் கொண்டாறேன்னு சொன்னேன். அவ சொல்றா, "மாமா, மெத்தை வேண்டாம். நீங்க வந்தாப் போதும்." அதுதானுங்க எனக்கு உறுத்தலா இருக்குது. மெத்தை வேண்டாங்கறாளே, ஏன்? யாரோ என்னமோ சொல்லிக் குடுத்திருக்கறாங்க. சிமெண்ட் கலரு அவ மாமியாரூட்டுக்கு ஆகாதோ என்னமோ. ஒருவேளை மாப்பிள்ளை கட்டட வேலையில ஏதாச்சும் நட்டப்பட்டிருப்பாரோ? கேக்கவும் சங்கடம். அதனாலதான் எதுக்கும் இருக்கட்டும்னு கொண்டு போறேன்.

என்னங்க? அவ சொன்னத மறுக்கா ஒருக்காச் சொல்லோணுமா? சொல்றனுங்க. "மெத்தை வேண்டாம். நீங்க வந்தாப் போதும்."

நீங்க வந்தாப் போதும்.

...

ஏனுங்க, நான் ஒண்ணு கேக்கறேன். அன்னிக்கு மண்டபத்துல பத்து நிமிசம் வாசலையே பாத்துட்டு நின்னாளே. மெத்தையவா தேடியிருப்பா?

இல்லீங்களா.

இல்லீங்க. இருக்காதுங்க.

ஒரு வருசமா நான் எல்லாத்துக்கிட்டயும் கேட்டிருக்கறேன், எலைக்காரருகிட்டக் கேட்டேன், பூசாரிகிட்டக் கேட்டேன், டீலருகிட்டக் கேட்டேன். அந்தப் புள்ளைகிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பா. கேக்காமயே அவ சொன்னாளே. ஒரு கை போதும்னாளே. நாந்தான் டீ குடிக்கறியான்னேன்.

வந்துருச்சுங்க, பொன்னாங்காட்டுப்புதூரு. எறங்கறேன் தம்பி, எறங்கறேன், விசில் அடிக்காதீங்க. மெத்தையா? அது எறங்கல. அதுக்குப் பழனி வரைக்கும் டிக்கெட் இருக்குது, நீங்க குடுத்ததுதான்.

பழனிக்குத்தானே போறீங்க, நீங்களே வெச்சுக்கங்க. நெசமாத்தானுங்க. படுக்கறதுக்கு ஆகாது, நான் பொய் சொல்லல. அந்தக் கயித்த அவுத்து, ராக்கியம்மா மாதிரி தைக்கத் தெரிஞ்சவங்க யாருகிட்டயாச்சும் குடுத்து, ஏதாச்சும் ஒண்ணத் தெச்சுக்கங்க. எதை வேணும்னாலும். எலையோ, பூவோ, உங்களுக்குப் புடிச்சது.

அட, கைய எங்க வெச்சுக்கறதுன்னே தெரியலீங்க. வெறுங்கையோட எறங்கிப் பழக்கமில்ல.

அங்க பாருங்க, வேப்பமரத்துக்கிட்ட. அவளேதானுங்க. கொழந்தையத் தோள்ல போட்டுட்டு நிக்கறா. பாத்துட்டா. கையத் தூக்கிக் காட்டறா பாருங்க, அஞ்சு வெரலையும் விரிச்சு.

நானும் தூக்கோணுமுங்களே. பஸ்ஸு பூராம் ஆளு. உள்ளாட்சி எலக்சன் வேற வருதுங்கறாங்க. யாராச்சும் தப்பா நெனச்சுக்குவாங்களா?

நெனச்சா நெனச்சுக்கட்டுமுங்க.

கண்ணு! இந்துஜா! இதா, மாமன் வந்துட்டேன். ஒண்ணுங் கொண்டாரல கண்ணு. மாமன் மட்டுந்தான்.